நிரம்பிய வழிகளைக் கணக்கிட்டவர்: ஆக்னர் எர்லாங்கின் வாழ்வும் பணியும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஆழிப்பேரலை இந்து சமுத்திரக் கரையோரங்களைத் தாக்கிய செய்தி வெளியான சில மணி நேரத்தில், லண்டன், பாரிஸ், டொரொன்டோ, சிட்னி என்று பல நகரங்களில் வாழும் தமிழர்கள் தொலைபேசியை எடுத்து முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் நாகப்பட்டினத்தையும் அழைக்கத் தொடங்கினார்கள். பல அழைப்புகள் போய்ச் சேரவில்லை. அலையோடு கம்பங்களும் கம்பிகளும் அறுந்துபோனது ஒரு காரணம். ஆனால், அலை எட்டாத ஊர்களுக்கு எடுக்கப்பட்ட அழைப்புகளும் கிடைக்காமல் போயின. அங்கே எதுவும் உடைந்திருக்கவில்லை. எல்லோரும் ஒரே வேளையில் பேச முயன்றதால் வழிகள் நிரம்பிவிட்டன, அவ்வளவுதான்.

வழிகள் எப்போது நிரம்பும், நிரம்பும்போது நூற்றில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்று காட்டியவர் டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளரான ஆக்னர் க்ராரப் எர்லாங். அவர் 1929இல் இறந்துவிட்டார். கணினியையோ இணையத்தையோ அவர் கண்டதில்லை. ஆயினும், ஒரு நிறுவனம் தனது கிளைகளை இணைக்கும் வலையமைப்பில் மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் முன்பாகக் குரலை அனுப்ப ஏற்பாடு செய்யும்போது, இன்றும் முதலில் எழுவது அவர் கேட்ட கேள்விதான்.

ஆசிரியரின் மகன்

எர்லாங் 1878ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் உள்ள லோன்போர்க் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் நீல்சன் எர்லாங் அந்த ஊரின் பள்ளி ஆசிரியர்; தேவாலயத்தின் எழுத்தராகவும் பணியாற்றியவர். தாய் மக்டலேன் க்ராரப்பின் முன்னோரில் 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கணிதவியலாளரான தோமஸ் ஃபின்கே இருந்தார்.

தந்தையின் பள்ளியிலேயே படித்த சிறுவனுக்கு வானியலில் மிகுந்த நாட்டம் இருந்தது. அண்ணன் ஃபிரெடெரிக் மேசையில் புத்தகத்தை விரித்துப் படிக்கும்போது, எதிரே அமர்ந்திருக்கும் தம்பி அதே பக்கத்தைத் தலைகீழாகப் படித்து முடித்துவிடுவார் என்று குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்தது. 14 வயதில், வயது போதாமையால் சிறப்பு அனுமதி பெற்று, கோப்பன்ஹேகனில் தேர்வு எழுதித் தேறினார். பின்னர் ஊர் திரும்பி, தந்தையின் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1896இல் உதவித்தொகையுடன் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1901இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் வானியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை. 1904இல் பல்கலைக்கழகம் நடத்திய கணிதக் கட்டுரைப் போட்டியில் அவரது கட்டுரைக்குப் பாராட்டுக் கிடைத்தது. அதற்கு அப்பால், அவரை ஆய்வுலகம் அறிந்திருக்கவில்லை.

டென்மார்க்கின் கணிதவியலாளர் சங்கக் கூட்டங்களுக்கு அவர் ஒழுங்காகப் போய்வந்தார். அங்கேதான் யோஹான் யென்சனைச் சந்தித்தார். குவிவுச் சார்புகள் பற்றிய சமனின்மை ஒன்றினால் கணித மாணவர்கள் அனைவரும் இன்றும் பெயரறிந்த அதே யென்சன்தான். ஆனால், அவர் பேராசிரியர் அல்லர். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர். கணிதம் அவருக்கு மாலை நேர வேலை. யென்சன்தான் எர்லாங்கை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஃபிரிட்ஸ் யோஹான்சனிடம் அறிமுகப்படுத்தினார்.

யோஹான்சனும் சாதாரண நிர்வாகி அல்லர். தொலைபேசி அழைப்புகளில் நிகழ்தகவுக் கணிதத்தைப் பயன்படுத்த முடியுமா என்று தாமே முயன்று பார்த்தவர். ஒரு வணிக நிறுவனத்தின் தலைமையிலும் அதன் பொறியியல் பிரிவிலும் ஒரே காலத்தில் இப்படி இரண்டு பேர் அமைந்தது எர்லாங்கின் நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். 1908இல், தமது 30ஆவது வயதில், அவர் அந்த நிறுவனத்தில் அறிவியல் பணியாளராகச் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுகூடத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

ஆய்வுகூடம் என்றாலும் தொடக்கத்தில் அதில் வேறு பணியாளர்கள் இல்லை. நிலத்தடிக் கேபிள்களில் கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டியிருந்தபோது அவரே தெருவுக்கு இறங்கினார். பின்னால் ஒரு தொழிலாளி ஏணியைச் சுமந்து வர, கோப்பன்ஹேகன் தெருக்களில் ஒவ்வொரு கேபிள் குழியாக அந்தக் கணிதவியலாளர் இறங்கி ஏறுவது நகரத்தவர் பழகிப்போன காட்சியாக இருந்தது.

இரண்டு செலவுகள்

அவர் சேர்ந்த காலத்தில் கோப்பன்ஹேகனில் அழைப்புகளை இணைத்தவர்கள் மனிதர்கள். பலகையின் முன் அமர்ந்திருக்கும் பெண் ஊழியர், ஒருவரின் கம்பியை மற்றவரின் துளையில் செருகினால்தான் பேச்சுத் தொடங்கும். இரண்டு நிலையங்களுக்கு இடையே இருக்கும் இணைப்புக் கம்பிகளோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கம்பிகள் குறைந்தால் வாடிக்கையாளர் கோபிப்பார். கூடினால் பங்குதாரர் கோபிப்பார், ஏனெனில் செம்பு மலிவான பொருள் அல்ல. எத்தனை கம்பிகள், எத்தனை ஊழியர்கள் என்பதை அதுவரை அனுபவத்தையும் உத்தேசத்தையும் வைத்துத்தான் எல்லா நாடுகளிலும் தீர்மானித்து வந்தார்கள்.

1909இல் எர்லாங் வெளியிட்ட முதலாவது முக்கியக் கட்டுரை, நிகழ்தகவையும் தொலைபேசி உரையாடல்களையும் பற்றியது. ஒருவர் எப்போது அழைப்பார் என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஆனால், ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர் தத்தம் விருப்பப்படி அழைக்கும்போது, அந்த மொத்த ஒழுங்கின்மைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது பிரெஞ்சுக் கணிதவியலாளர் பொய்சோனின் பெயரால் அறியப்படும் பரவல் என்று எர்லாங் நிறுவினார். நிமிடத்துக்குச் சராசரியாக 2 அழைப்புகள் என்றால், ஒவ்வொரு நிமிடமும் 2 வரும் என்று பொருள் அல்ல. 100 நிமிடங்களை எடுத்துக்கொண்டால், 13 அல்லது 14 நிமிடங்களில் ஓர் அழைப்பும் வராது. 5 நிமிடங்களில் ஐந்தோ அதற்கு மேலோ வரும். சராசரியை நம்பிக் கட்டப்படும் நிலையம் அந்த 5 நிமிடங்களில்தான் தோற்கும்.

1917இல் தானியங்கி நிலையங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இதைவிடப் பெரியது. அதில் அவர் இரண்டு வகை அமைப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில், வழி இல்லாவிட்டால் அழைப்பு இழக்கப்படுகிறது. வந்தவர் திரும்பிப் போகவேண்டியதுதான். மற்றதில், வழி கிடைக்கும்வரை அழைப்பு வரிசையில் காத்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சூத்திரங்களை அவர் தந்தார். முதலாவதைப் பொறியியலாளர்கள் எர்லாங் பி என்றும் இரண்டாவதை எர்லாங் சி என்றும் அழைக்கிறார்கள். சென்னையிலும் கொழும்பிலும் உள்ள வாடிக்கையாளர் அழைப்பு மையங்களில், எந்த வேளையில் எத்தனை பேர் பணியில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க உதவும் கணிப்புகளுக்கு அடிப்படை அந்த இரண்டாவது சூத்திரம்.

முதல் சூத்திரம் என்ன சொல்கிறது என்பதை ஓர் எளிய உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் 100 அழைப்புகள். ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடங்கள். மொத்தம் 300 நிமிடப் பேச்சு. அதை 60ஆல் வகுத்தால் 5. அதாவது, எந்தக் கணத்திலும் சராசரியாக 5 பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் 5 கம்பிகள் போதும் என்றே தோன்றும். எர்லாங்கின் சூத்திரத்தின்படி, 5 கம்பிகள் மட்டும் இருந்தால் 100 அழைப்புகளில் 28க்கும் மேல் திருப்பி அனுப்பப்படும். 10 கம்பிகள் இருந்தால் அந்த எண்ணிக்கை 2க்கும் கீழே வந்துவிடுகிறது.

இன்னொன்றும் அதில் தெரியவந்தது. தலா 10 கம்பிகள் கொண்ட இரண்டு தனித்தனித் தொகுதிகளை 20 கம்பிகள் கொண்ட ஒரே தொகுதியாக இணைத்து, அழைப்புகளையும் ஒன்றாக்கினால், திருப்பப்படும் அழைப்புகள் 100க்கு 2 என்ற அளவிலிருந்து 1,000க்கு 2 என்ற அளவுக்குக் குறைகின்றன. ஒரு முழம் கம்பிகூடப் புதிதாகப் போடாமல் கிடைக்கும் ஆதாயம் இது. சிறு சிறு வேலிகளாகப் பிரித்து வைப்பதன் விலை என்ன என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கணக்குகள் சிலவே.

பிரிட்டனின் அஞ்சல் துறை அப்போது அந்நாட்டின் தொலைபேசிச் சேவையையும் நடத்திவந்தது. எர்லாங்கின் சூத்திரத்தை அது ஏற்றுக்கொண்டது. அதன்பின் மற்ற நாடுகளும் தொடர்ந்தன. அவர் பெரும்பாலும் டேனிஷ் மொழியில், சுருக்கமாக, சில இடங்களில் நிறுவல்களைக்கூட முழுமையாகத் தராமல் எழுதியவர். அவரது கட்டுரைகளை மூலத்திலேயே படிப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் டேனிஷ் மொழியைக் கற்றுக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது.

அமைதியான வாழ்வு

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை இங்கெபோர்க்குடன் வாழ்ந்தார். வருமானத்தின் பெரும்பகுதி கணிதம், வானியல், இயற்பியல் நூல்களுக்கே போனது. மிஞ்சியதை வறியவர்களுக்குக் கொடுத்தார். உதவி கேட்டு அலுவலகத்துக்கே ஆட்கள் தேடி வருவதுண்டு. வந்தவர்களைச் சத்தமின்றிக் கவனித்து அனுப்புவார். சங்கக் கூட்டங்களில் அதிகம் பேசாதவர். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் அவர் சுகவீன விடுப்பு என்று ஒரு நாளும் எடுத்ததில்லை என்பார்கள். 1929 ஜனவரியில் வயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போனார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிப்ரவரி 3ஆம் திகதி காலமானார். வயது 51.

அவர் இறந்து 17 ஆண்டுகளுக்குப் பின், 1946இல், தொலைபேசிச் சேவைகளுக்கான சர்வதேச ஆலோசனைக் குழு, அழைப்பு நெரிசலை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்று பெயரிட்டது. மேலே கண்ட உதாரணத்தின் 5 என்பது 5 எர்லாங். பின்னர் 1980களில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி நிலையங்களுக்கென உருவான கணினி மொழி ஒன்றுக்கும் இதே பெயர் வைக்கப்பட்டது.

யார் முதலில்

எர்லாங்கின் கணக்கில் கவனிக்கத்தக்க ஒரு பண்பு உண்டு. அதில் அழைப்பவர்கள் எல்லோரும் சமம். வழி இருந்தால் மந்திரியும் பேசலாம், மீன் வியாபாரியும் பேசலாம். வழி இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை. கோப்பன்ஹேகன் நிறுவனத்தின் கொள்கையை அவர் வகுத்தார் என்பதல்ல இதன் பொருள். சூத்திரத்துக்குத் தராதரம் தெரியாது, அவ்வளவே.

தராதரத்தைக் கொண்டுவந்தது இராணுவம். 1960களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனக்கென அமைத்த ஆட்டோவொன் என்ற தொலைபேசி வலையமைப்பில், வழக்கமான 12 பொத்தான்களுக்கு அருகே மேலும் 4 பொத்தான்கள் ஒரு வரிசையாக இருந்தன. அழைப்பின் அவசரத் தரத்தைக் குறிப்பவை அவை. வழிகள் நிரம்பியிருக்கும்போது உயர்தர அழைப்பு ஒன்று வந்தால், கீழ்த்தர அழைப்பு ஒன்று பாதியில் துண்டிக்கப்பட்டு இடம் உண்டாக்கப்படும். வழிகளின் எண்ணிக்கை ஒன்றும் கூடுவதில்லை. மறுக்கப்படுபவர் யார் என்பதுதான் மாறுகிறது. முன்னுரிமை என்ற சொல் உள்ளே வருபவரைப் பற்றியே பேசுகிறது. வெளியே தள்ளப்படுபவரை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இது பொதுமக்களைத் தொட்ட நாள் ஒன்று லண்டன்வாசிகள் பலருக்கு நினைவிருக்கும். 2005ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் திகதி, சுரங்க ரயில்களிலும் பேருந்து ஒன்றிலும் குண்டுகள் வெடித்தபின், நகரத்தின் கைத்தொலைபேசி வலையமைப்புகள் அழைப்புகளால் திணறின. அவசரப் பணியாளர்களின் கைத்தொலைபேசிகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கிப் பிறருக்கு வழியை மூடும் ஏற்பாடு ஒன்று அப்போது பிரிட்டனில் இருந்தது. அதை அன்று பயன்படுத்துவதில்லை என்று மீட்புப் பணிகளை ஒருங்கிணைத்த அதிகாரிகள் முடிவு செய்திருந்தார்கள். ஆனாலும், சிட்டி ஆஃப் லண்டன் காவல்துறையின் வேண்டுகோளின்பேரில், ஓல்ட்கேட் நிலையத்தைச் சுற்றிய பகுதியில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் அது நண்பகல் முதல் சில மணி நேரம் செயல்படுத்தப்பட்டது. உயிரோடு இருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்ல முயன்ற பெருந்தொகையானோரின் அழைப்புகள் போகவில்லை. உரிய கைத்தொலைபேசி இல்லாத அவசரப் பணியாளர்கள் சிலரும் இதில் மாட்டியிருக்கக்கூடும். 2006இல் வெளியான லண்டன் அவையின் விசாரணை அறிக்கை இதைக் கடுமையாக விமர்சித்தது.

அந்தக் காவல்துறையின் நோக்கத்தைக் குறை சொல்வது எளிதல்ல. மீட்புப் பணியாளரின் குரல் முதலில் போகவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால், எத்தனை வழிகள் உள்ளன, எத்தனையை மூடினால் எத்தனை பேர் வெளியே நிற்பார்கள் என்ற கணக்கை எர்லாங் 1917இலேயே தந்திருந்தார். முடிவு எடுப்பவர்களின் மேசையில் அந்தக் கணக்கு இருந்ததா என்பதே கேள்வி.

பொதிகளின் காலம்

இணையத்தின் முன்னோடியான வலையமைப்புகள் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிட்டதாக ஒரு காலம் நினைத்தன. அவற்றில் இரு முனைகளுக்கும் இடையே தனிக் கம்பி ஒதுக்கப்படுவதில்லை. தகவல் சிறு பொதிகளாகத் துண்டாக்கப்பட்டு, எல்லோருடைய பொதிகளும் ஒரே வழியில் கலந்து செல்கின்றன. வழி நிரம்பினால் பொதிகள் வரிசையில் நிற்கும். எர்லாங்கின் மொழியில் சொன்னால், இழக்கும் அமைப்பிலிருந்து காத்திருக்கும் அமைப்புக்கு உலகம் மாறியது. மின்னஞ்சலுக்குக் காத்திருப்பு ஒரு பொருட்டல்ல.

குரல் அப்படியல்ல. 1974 ஆகஸ்டில் அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியாகக் கலிபோர்னியாவுக்கும் மசாசூசெட்ஸுக்கும் இடையே குரல் பொதிகளை அனுப்பும் பரிசோதனை நடந்தது. அதில் முக்கியப் பங்கு வகித்த டேனி கோஹன், காணாமல்போன பொதியை மீண்டும் கேட்டு வாங்கும் நெறிமுறை குரலுக்கு ஆகாது என்று உணர்ந்தார். தாமதமாக வரும் அசையால் பயனில்லை. அதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். 1978இல் இணையத்தின் அடிப்படை நெறிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டதற்கு இந்தக் கருத்தும் ஒரு காரணமாக அமைந்தது.

1981இல் வெளியான இணைய நெறிமுறையில், ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் முன்னுரிமையைக் குறிக்க 3 பிட்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர்களில் பல, ஆட்டோவொன் பொத்தான்களின் பெயர்களே. 1998இல் அந்தப் பகுதி திருத்தப்பட்டு 6 பிட்கள் ஆனது. இன்று அலுவலக வலையமைப்புகளில் குரல் பொதி பெரும்பாலும் 46 என்ற எண்ணைச் சுமந்து செல்கிறது. அந்த எண்ணைக் கண்டால் ரவுட்டர் மற்றப் பொதிகளை நிறுத்திவிட்டு அதை முதலில் அனுப்பும்.

அவசரத்தின் அளவை எண்களில் சொல்லலாம். வாயிலிருந்து காதுக்குப் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட, ஒருவர் முடித்துவிட்டார் என்று நினைத்து மற்றவர் பேச, இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். பழைய செய்மதி அழைப்புகளில் ஊரோடு பேசியவர்களுக்கு இது நன்கு தெரியும். விநாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில் 1,500 பைட் கொண்ட ஒரு கோப்புப் பொதி வெளியேற 187.5 மில்லிவிநாடி ஆகும். குரல் பொதி அதற்குப் பின்னால் வந்து நின்றால், முன்னுரிமை இருந்தும் பயனில்லை. ஏற்கனவே கம்பியில் ஏறிவிட்ட பொதியை யாரும் இறக்க மாட்டார்கள். மெதுவான இணைப்புகளில் பெரிய பொதிகளைத் துண்டுபோட்டு அனுப்பியதற்கு இதுவே காரணம்.

இணைப்புகள் வேகமான பின்னரும் தொல்லை ஒன்று எஞ்சியிருக்கிறது. இங்கேதான் எர்லாங் திரும்பி வருகிறார். ஒரு கிளை அலுவலகத்துக்கு விநாடிக்கு 512 கிலோபிட் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குரலுக்குக் கொடுத்தால் மற்ற வேலைகள் முடங்கும் என்பது பொறியியலாளர்களின் அனுபவ விதி. நெருக்கிச் சுருக்கிய குரல் 8 கிலோபிட்தான் என்றாலும், ஒவ்வொரு பொதியின் தலைப்பும் குரலைவிட இரு மடங்கு பெரியது என்பதால், ஓர் அழைப்புக்கு 24 கிலோபிட் வேண்டும். ஆக, 168 கிலோபிட்டில் 7 அழைப்புகள்.

எட்டாவது ஊழியர் தொலைபேசியை எடுக்கிறார். முன்னுரிமை மட்டும் இருந்து, வாசலில் எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லாவிட்டால், அவரது பொதிகளும் 46 என்ற எண்ணுடன் அதே வரிசைக்குள் நுழையும். 168 கிலோபிட்டுக்கான இடத்தில் 192 கிலோபிட் வந்து நிற்கும். மிகையானதை ரவுட்டர் எறிந்துவிடும். எது எட்டாமவருடையது என்று அதற்குத் தெரியாது. எட்டுப் பேரின் பேச்சிலிருந்தும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஒருவர்கூட ஒழுங்காகப் பேச முடியாது. பழைய கோப்பன்ஹேகன் நிலையத்தில் வழி நிரம்பினால் புதிதாக வந்தவருக்கு மட்டுமே மறுப்பு. இங்கோ, யாரையும் மறுக்காததால் எல்லோருக்கும் கெடுகிறது.

ஆகவே, முன்னுரிமையோடு அனுமதிக் கட்டுப்பாடும் தேவைப்பட்டது. எட்டாவது அழைப்பை மறுத்துவிட வேண்டும், அல்லது சாதாரணத் தொலைபேசி வழியாகத் திருப்பிவிட வேண்டும். ஒரு நூற்றாண்டுச் சுற்றுக்குப் பின், காத்திருக்கும் வலையமைப்புக்குள்ளேயே இழக்கும் அமைப்பு ஒன்று மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. நிறுவன நிர்வாகிகள் பலருக்கு இது பிடிப்பதில்லை. பணம் கொடுத்து வாங்கிய இணைப்பில் ஊழியருக்குப் பிஸி டோன் கேட்பது அவர்களுக்குத் தோல்வியாகப் படுகிறது. மறுக்கப்படும் ஓர் அழைப்பு முறைப்பாடாக வந்து சேரும். எட்டுப் பேருக்கும் குரல் உடைந்து கேட்டால் அது வலையமைப்பின் பொதுவான சோம்பல் என்று போய்விடும். எனவே, கட்டுப்பாட்டை நீக்கிவிடுமாறு உத்தரவு வருவதும் உண்டு.

7 வழிகள் போதுமா என்பதை அறிய அந்தக் கிளையின் பொறியியலாளர் செய்யவேண்டியது அதிகமில்லை. நாளில் மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடப் பேச்சு நடந்தது என்று எடுத்துக்கொள்கிறார். 60 அழைப்புகள், சராசரி 3 நிமிடங்கள் என்றால் 180 நிமிடங்கள். அதை 60ஆல் வகுக்கிறார். 3 எர்லாங். 1917ஆம் ஆண்டின் சூத்திரத்தில் அதை இட்டால், 7 வழிகளுடன் 100க்கு 2 அழைப்புகளுக்குச் சற்றுக் கூடுதலாக மறுக்கப்படும் என்று விடை வருகிறது. அந்த இரண்டு பேரை என்ன செய்வது என்பதைச் சூத்திரம் சொல்லாது. அதை நிர்வாகத்திடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.